புளித்துப்போன தொட்டி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பீர் ஆலையில் கெமிஸ்ட்டாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தேழு வயது. பீர் காய்ச்சுகிற பக்கம் எனக்கு வேலை இல்லை. ஆலையின் பின்மதிலை ஒட்டிக் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற பிரிவு ஒன்று இருந்தது. அதற்கு நான்தான் பொறுப்பு. பாட்டில் கழுவிய தண்ணீர், பார்லி வெந்த பாத்திரங்களைக் கழுவிய தண்ணீர், தொட்டிகளின் அடியில் தங்கிய கசடு எல்லாம் குழாய் வழியே எங்களிடம் வந்து விழும். மீஞ்சூரில் எங்கள் தெருவில் யாராவது கேட்டால் அம்மா, "தண்ணி சுத்தம் பண்ற கம்பெனில வேலை" என்று முடித்துக்கொள்வாள். பீர் என்ற சொல் கடைசிவரை எங்கள் தெருவுக்குள் நுழையவில்லை.

நான் சேர்வதற்குச் சில வாரங்களுக்கு முன்தான் அங்கே புதிதாக ஒரு மூடிய தொட்டியைக் கட்டி முடித்திருந்தார்கள். இரண்டு மாடி உயரம், பச்சை பெயின்ட், பக்கவாட்டில் சுற்றி ஏறும் இரும்புப் படி. கழிவுநீரில் கரைந்திருக்கும் சர்க்கரையையும் மாவையும் காற்றுப் படாத அந்தத் தொட்டிக்குள் நுண்ணுயிர்கள் தின்று எரிவாயுவாக மாற்றும். சாண எரிவாயு மாதிரிதான். அந்த வாயுவைக் குழாயில் கொண்டுபோய் பாய்லரில் எரிப்பது திட்டம். அதுவரை பாய்லர் ஃபர்னஸ் ஆயிலில்தான் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் நான் ரயிலை விட்டு இறங்கி வரும்போதே அதன் கரும்புகை தெரியும்.

தொட்டியை அமைத்துக் கொடுத்த என்ஜினியர் கிளம்பும்போது என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "அவசரப்படாதீங்க மேடம். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா தண்ணிய ஏத்துங்க. உள்ள இருக்கறது பழகறதுக்கு நாலஞ்சு மாசம் ஆகும்."

இதை என்னிடம் போய்ச் சொன்னாரே என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ரயிலில் உட்கார இடம் இருந்தாலும் கவரைப்பேட்டை தாண்டியதும் எழுந்து கதவருகே போய் நிற்கிறவள் நான். குக்கர் விசில் அடங்கும் முன்பே வெயிட்டைத் தூக்கிப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்ட தழும்பு இன்னும் இருக்கிறது. தொட்டியிலும் உள்ளே வரும் தண்ணீரிலும் அமிலத்தன்மையை ஒரு நாளைக்கு இரண்டு முறை அளந்தால் போதும். நான் மணிக்கு ஒரு முறை அளந்தேன். வாயு அளவைக் காட்டும் மீட்டர் முன்னால் நின்று முள்ளை விரலால் தட்டிப் பார்ப்பேன். ஒன்றும் நடக்காது. படியேறி மேலே போவேன், இறங்கி வருவேன், தொட்டியைச் சுற்றி நடப்பேன். அந்த மண்ணில் என் செருப்புத் தடம் வட்டமாகப் பதிந்துவிட்டது என்று பிரிவில் எல்லோரும் கேலி செய்தார்கள்.

என்னைப் போலவே நிற்க நேரமில்லாத இன்னொரு ஆள் அங்கே தினமும் வந்துபோனார். பழவேற்காட்டைச் சேர்ந்த வியாபாரி. ஐம்பதை நெருங்கியவர். ஆலையில் எல்லோருக்கும் அவர் பாய்தான். பீர் காய்ச்சும்போது பார்லியை வேகவைத்துச் சாற்றை வடித்துவிட்டால் சக்கை மிஞ்சும். அந்தச் சக்கையை ஆவி பறக்கப் பறக்க லாரியில் ஏற்றிக்கொண்டு போய், பொன்னேரியிலிருந்து திருப்பாச்சூர் வரை மாடு வைத்திருக்கிறவர்களுக்குத் தீவனமாக விற்பது அவர் தொழில். ஈரச் சக்கை இரண்டு நாளில் புளித்துவிடும். அதனால் அவர் எப்போதும் கத்திக்கொண்டேதான் இருப்பார். "வெயில் ஏறுது, வெயில் ஏறுது, ஏத்துங்கபா" என்கிற அவர் குரல் எங்கள் பிரிவுவரை கேட்கும்.

இந்த ஒப்பந்தத்தை எடுக்கும் முன் அவர் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார். "மேடம், நீங்க படிச்சவங்க. உண்மைய சொல்லுங்க. இந்தச் சக்கை போதை ஏறுனதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

முன்னாடிதான் என்று விளக்கினேன். சாற்றில் ஈஸ்ட் போட்ட பிறகுதான் அது பீராக மாறும். சக்கையை அதற்கு முன்பே வடித்துவிடுகிறார்கள். "அப்போ இது வெறும் வெந்த பார்லி" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

பீர் புளித்து முடிந்ததும் தொட்டியின் அடியில் ஈஸ்ட் கூழ்போலத் தங்கும். அதையும் சக்கையோடு கலந்து எடுத்துப்போனால் மாட்டுக்குச் சத்து என்று ஆலையில் கேட்டபோது மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அது பீர்லயே ஊறிக் கெடந்தது. மாடு தின்னா தப்பில்லன்னு நீங்க சொல்லலாம். என் கை அதத் தொடாது. உட்ருங்க." அதற்கு மேல் யாரும் அவரை வற்புறுத்தவில்லை.

ஆக ஈஸ்ட் எங்கள் பிரிவுக்கு வந்தது. அதை மணல் பாத்திகளில் ஊற்றிக் காயவைத்து, பிறகு எருவாக அள்ளிப்போக வேண்டும். காய்வதற்குள் வீசும் நாற்றத்துக்குப் பக்கத்து ஆலைக்காரர்கள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துத் திட்டுவார்கள்.

மூன்றாவது மாதம் தொட்டியில் வாயு வர ஆரம்பித்தது. பாய்லருக்கு அனுப்பும் அளவுக்கு இல்லை. உயரமான ஒரு குழாயின் முனையில் வைத்து எரித்துவிடுவோம். முதல் நாள் பற்றவைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி பற்றவைக்கச் சொன்னேன். "எரிஞ்சிக்கினுதான் மேடம் இருக்குது" என்றார் பம்ப் ஆபரேட்டர். பகல் வெளிச்சத்தில் அந்தச் சுடர் கண்ணுக்குத் தெரியாது. பின்னால் இருந்த மதிலின் மேல் அனலின் நிழல் நெளிவதை அவர் காட்டினார். நான் வெயிலில் நின்று அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் சாப்பிடப் போகவில்லை. நான்கைந்து மாதத்தில் நடக்க வேண்டியதை நான் அதற்கு முன்பே செய்துவிடுவேன் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

சித்திரை பிறந்ததும் ஜி.எம். என்னைக் கூப்பிட்டார். ஆலையின் முழுப் பொறுப்பும் அவருடையதுதான். தலைமை அலுவலகத்திலிருந்து அடுத்த மாதம் வருகிறார்கள், பாய்லரில் நம் வாயு எரிவதை அவர்களுக்குக் காட்ட முடியுமா என்று கேட்டார். முடியுமா என்றுதான் கேட்டார். வேண்டும் என்று சொல்லவில்லை. நான் உடனே "முடியும் சார்" என்றேன்.

திரும்பி நடந்து வரும்போதே கணக்குப் போட்டேன். தினமும் வரும் கழிவுநீரை வைத்துக்கொண்டு அந்தத் தேதிக்குள் போதுமான வாயு வராது. தொட்டிக்குத் தீனி கூட வேண்டும். ஈஸ்ட்டோ சத்து நிறைந்தது, நாற்றமெடுத்துக் கிடக்கிறது, யாருக்கும் வேண்டாம். அதைத் தொட்டிக்குத் திருப்பிவிட ஒரு வால்வு ஏற்கெனவே இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அந்த வால்வை நானே திறந்தேன். இரண்டு நாளில் மீட்டர் முள் ஏறியது. அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் அதிகம் விட்டேன். முள் இன்னும் ஏறியது.

தினசரி லாக் புத்தகத்தில் ஈஸ்ட்டுக்குத் தனியாக ஒரு கட்டம் கிடையாது. குறிப்பு எழுதும் இடத்தில் எழுதியிருக்கலாம். வாயு நன்றாக வந்த பிறகு எல்லோர் முன்னாலும் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுதாமல் விட்டேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமையும் விட்டேன். அதற்கடுத்த திங்கட்கிழமை காலையில் மாதிரி எடுத்து முகர்ந்தேன். கெட்டுப்போன வெண்ணெயின் வாடை. ஏழில் இருக்க வேண்டிய அளவு ஆறரைக்கு இறங்கியிருந்தது; இந்த எண் இறங்க இறங்க அமிலம் கூடுகிறது என்று அர்த்தம். செவ்வாய் ஆறேகால். புதன் ஆறுக்கும் கீழே. குழாய் முனையில் பற்றவைத்தால் இரண்டு நிமிடம் எரிந்து அணைந்துபோயிற்று. தின்னத் தின்ன அமிலம்தான் சேர்ந்ததே தவிர, அதை வாயுவாக மாற்ற வேண்டியவை செத்துக்கொண்டிருந்தன. சுண்ணாம்பு கரைத்து ஊற்றினேன். சோடா உப்பும் கரைத்து ஊற்றினேன். நின்றால் நிற்க முடியவில்லை, உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. வீட்டில் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு மூன்று முறை எழுந்தேன். "அப்படி இன்னாதான் இருக்குது உனக்கு? ஒரு எடத்துல ஒக்காரேன்டி" என்றாள் அம்மா.

வியாழக்கிழமை காலை மீட்டிங்கில் ஜி.எம். கேட்டார். "திடீர்னு எப்படிம்மா புளிச்சுப்போச்சு? செல்லார்லேர்ந்து ஆசிட் தண்ணி கலந்துடுச்சா?"

செல்லார் என்பது பீர் தொட்டிகள் இருக்கும் குளிர்ந்த கூடம். அந்தத் தொட்டிகளை ஆசிட் விட்டுக் கழுவுவார்கள். கழுவிய தண்ணீரில் அமிலத்தை முறித்த பிறகுதான் எங்களுக்கு அனுப்ப வேண்டும். அப்படியே திறந்துவிட்டால் நுண்ணுயிர் செத்துவிடும். நடக்கக்கூடியதுதான். ஆனால் அப்படி நடந்திருந்தால் உள்ளே வரும் தண்ணீரிலேயே தெரிந்திருக்கும்; ஒரே ஷிஃப்டில் சரிந்திருக்கும். நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்காது. இது அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"இருக்கலாம் சார்" என்றேன்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. செல்லாரில் ஆசிட் கழுவும் ஆபரேட்டரை மறுநாளே பாட்டில் யார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஆரம்பாக்கம் பக்கத்துக்காரர், நாற்பது வயதுக்கு மேலிருக்கும், எட்டு வருடமாகச் செல்லாரில் இருந்தவர். கூடத்தின் குளிரிலிருந்து கத்திரி வெயிலுக்கு வந்தார். பழைய பாட்டில்கள் வந்திறங்கும் அந்த யார்டு எங்கள் பிரிவுக்கு நேர் எதிரே, கம்பிவேலிக்கு அந்தப் பக்கம். அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உடைந்ததைத் தனியே, நல்லதைத் தனியே பிரிப்பது எனக்கு நாள் முழுவதும் தெரியும். நான் மேஜையை ஜன்னலிலிருந்து திருப்பிப் போட்டேன். அப்புறமும் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இரண்டாம் நாள் அவரே வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றார்.

"மேடம், நான் ஆசிட்ட ஒரு சொட்டு நேரா உடல. எட்டு வருஷத்துல ஒரு நாள் உட்டதில்ல. உள்ள வர்ற தண்ணிய நீங்க அளந்து எழுதுறீங்கல்ல, அந்த புக்க நான் பாக்கலாமா?"

மறுக்க எந்தக் காரணமும் இல்லை. எடுத்துக் கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். "ஏழு. ஏழேகால். ஏழு. ஏழு." பக்கத்தைத் திருப்பினார். அங்கேயும் ஏழுதான். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இதுல ஆசிட் எங்க மேடம் இருக்குது?"

"ரெண்டு அளவுக்கு நடுவுல வந்திருக்கலாம் அண்ணா" என்றேன். மணிக்கு ஒரு முறை அளக்கிறவள் நான். அது அவருக்கும் தெரியும். புத்தகத்தை மூடி மேஜையின் ஓரத்தில் நேராக வைத்துவிட்டு, "சரி மேடம்" என்று போனார்.

அந்த வாரம் முழுக்க நான் ஒரு இடத்தில் இருக்கவில்லை. யாரும் கூப்பிடாமலே பாய்லர் ரூமுக்குப் போனேன். ஏன் வந்தேன் என்று தெரியாமல் திரும்பினேன். ஒரு நாள் மாலை ரயிலில் மீஞ்சூரைத் தவறவிட்டு அத்திப்பட்டில் இறங்கி எதிர்வண்டி பிடித்து வந்தேன். சொல்லிவிடலாம் என்று காலையில் நினைப்பேன். தொட்டி தேறிவிட்டால் தானாக எல்லாம் சரியாகிவிடும், அவரையும் பழைய இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மதியத்துக்குள் மாற்றிக்கொள்வேன். தொட்டி தேறவில்லை.

அப்போதுதான் ஒரு நாள் பாயின் லாரி நேரத்துக்கு வரவில்லை. சக்கை கொட்டி ஆறிப்போன பிறகு பதினொரு மணிக்கு வந்து இறங்கினார். கத்தவில்லை. நேராக எங்கள் பிரிவில் தண்ணீர்ப் பானை இருக்கும் இடத்துக்கு வந்து இரண்டு டம்ளர் குடித்தார்.

"இன்னா பாய், லேட்டு?"

"பேஜாரு மேடம். காலைல நாஷ்டா கூட ஆவல. நம்ம கிராக்கி ஒருத்தரு, தெலுங்குக்காரரு, நெலம் வெச்சிக்கினு நாலு எருமையும் வெச்சிருக்காரு. நேத்து சக்கைய கொட்டிட்டு வந்தேன். கயிறு அவுந்து ஒரு எருமை பூந்து தின்னுக்குது. எவ்ளோ தின்னுச்சோ. காலைல வயிறு உப்பிக்கினு படுத்துருச்சு. டாக்டர் வர்றதுக்குள்ள போயிருச்சு."

"சக்கை கெட்டிருந்துதா?"

"நல்ல சக்கை மேடம். சுடச்சுட எறக்குனது. டாக்டரு இன்னா சொல்றாரு, வயித்துக்குள்ள புளிச்சிருச்சாம். அளவா போட்டா பால், அள்ளிப் போட்டா சாவு." டம்ளரைக் கவிழ்த்து வைத்தவர், வெறுமனே கிடந்த மணல் பாத்திகளைப் பார்த்தார். வெயிலில் வெடித்துப் பாளமாகக் கிடந்தன. "நானும் பாத்துக்கினே இருக்கேன், மூணு நாலு வாரமா இங்க நாத்தமே இல்லையே. அந்த ஈஸ்ட்ட இப்போ யாரு எடுக்குறாங்க?"

சாதாரணமாகத்தான் கேட்டார். வேறொரு வியாபாரி வந்துவிட்டாரோ என்கிற கவலைதான் அவருக்கு.

"யாரும் எடுக்கல பாய். தொட்டில உட்டேன்."

"ஓ" என்றார். பச்சைத் தொட்டியை ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். வெயில் ஏறுகிறது என்று யாரோ குரல் கொடுக்க, ஓடிவிட்டார். அவருக்கு என்ன புரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் முதல் முறையாக அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தேன்.

மறுநாள் காலை கேட்டில் கையெழுத்துப் போடும் வரிசையில் செல்லார் ஆபரேட்டர் எனக்கு முன்னால் நின்றார். வலது உள்ளங்கையில் பெரிய கட்டு. "இன்னாண்ணா ஆச்சு?" என்று யாரோ கேட்டார்கள். "பாட்டில் கீச்சிருச்சு, ஆறு தையல்" என்றார். இடது கையால் பேனாவைப் பிடித்து, குழந்தை எழுதுவதுபோலத் தன் பெயரை எழுதினார். பிறகு பேனாவைத் திரும்பி என்னிடம் நீட்டினார்.

ஒன்பதரை மணி மீட்டிங்கில் எல்லோரும் உட்காரும்வரைகூட நான் காத்திருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். "சார், ஆசிட் வரவே இல்ல. நான்தான் ஈஸ்ட்ட தொட்டில ஊத்தினேன். மூணு வெள்ளிக்கிழமை. லாக்ல எழுதல. அன்னிக்கு நீங்க கேட்டப்போ எனக்குத் தெரியும்."

ஜி.எம். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஊத்துனது தப்புதான். ஆர்வக்கோளாறுன்னு உட்டுருவேன். தெரிஞ்சும் இருக்கலாம்னு சொன்னியே, அது எதுக்கும்மா?"

கையோடு கொண்டுபோன லாக் புத்தகத்தைத் திறந்து, எழுதாமல் விட்ட மூன்று தேதிகளையும் அவருக்குக் காட்டினேன்.

அன்று மாலையே எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்த வருடச் சம்பள உயர்வு நின்றது. செல்லார் ஆபரேட்டரைக் காயம் ஆறியதும் பழைய இடத்துக்கு அனுப்பினார்கள். நான் அவரைத் தேடிச் செல்லாருக்குப் போனேன். அந்தக் குளிரில் வாயைத் திறந்தால் புகை வந்தது. "மன்னிச்சிடுங்க அண்ணா" என்றேன். பீர் தொட்டியின் மேல் தையல் தழும்பு விழுந்த கையை வைத்தபடி என்னைப் பார்க்காமலே பேசினார்.

"ஊட்ல என் பொண்ணு கேட்டுச்சு மேடம், நைனா நீ இன்னா தப்பு பண்ணேன்னு. பண்ணலன்னேன். அப்போ ஏன் வெளிய போட்டாங்கன்னு கேட்டுச்சு. நீங்க போங்க, இங்க ரொம்ப நேரம் நிக்க முடியாது உங்களால."

தலைமை அலுவலகத்துக்காரர்கள் சொன்ன தேதியில் வந்தார்கள். செத்துக் கிடந்த தொட்டியையும், பாய்லரின் கரும்புகையையும் பார்த்தார்கள். ஜி.எம். நடந்ததை உள்ளபடி சொல்லி, கார்த்திகை வரை நேரம் கேட்டு வாங்கினார்.

தொட்டியைப் பாதி காலி செய்து, புதிதாக உயிர் ஊட்ட வேண்டியிருந்தது. அதற்குச் சாணம் வேண்டும், அதுவும் நிறைய. பாயிடம் கேட்டேன். சக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் லாரியிலேயே ஏற்றி வந்துவிடலாமே என்றேன். அவர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "தீனி போற வண்டில சாணியா? இன்னா மேடம் நீங்க!" என்று சொல்லிவிட்டு, தனியாக ஒரு டிராக்டரை ஏற்பாடு செய்தார். அவர் சக்கை போடும் வீடுகளிலிருந்தே சாணம் வந்தது. எருமையைப் பறிகொடுத்தவரும் ஒரு நடை ஓட்டிக்கொண்டு வந்தார். சாணத்தைக் கரைத்து, அதிலிருந்த வைக்கோலை வடிகட்டி, தினமும் அளந்து ஊற்றினோம்.

அந்த மாதங்களில் நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. வாரத்துக்கு இவ்வளவுதான் என்று எழுதி, அதை ஜி.எம்.மிடம் கையெழுத்து வாங்கி, சுவரில் ஒட்டிவைத்தேன். என்னிடமிருந்து தொட்டியைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை. முள் ஏறினால் இன்னும் கொஞ்சம் விடலாமே என்று கை பரபரக்கும். உடனே வெளியே போய் நடப்பேன். ஈஸ்ட்டையும் பிறகு சேர்த்தோம். ஒரு நாளைக்கு இரண்டு வாளி, அதற்கு லாக் புத்தகத்தில் சிவப்பு மையில் தனிக் கட்டம் போட்டேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் பகல், தொழிற்பேட்டைச் சாலையில் முழங்கால் தண்ணீர், பாய்லர் ரூமிலிருந்து போன் வந்தது. ஆயில் பம்பை நிறுத்திவிட்டோம், உங்கள் வாயுவில்தான் ஓடுகிறது என்றார்கள். குடையில்லாமல் ஓடினேன். சின்னக் கண்ணாடி ஓட்டை வழியாகப் பார்த்தபோது உள்ளே நீலமாக எரிந்துகொண்டிருந்தது. வெளியே வந்து புகைபோக்கியைப் பார்த்தேன். மழை மட்டும்தான் தெரிந்தது. இரண்டு மணி நேரம் ஓடியது. மறுபடி ஆயிலுக்கு மாற்றினார்கள். அடுத்த நாள் மூன்று மணி நேரம். பாய்லர்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். நின்றுகொண்டே குடித்தேன்.

செல்லார் ஆபரேட்டர் என்னிடம் பழையபடி பேசவில்லை. ஆனால் செல்லாருக்குத் திரும்பிய நாளிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். தொட்டி கழுவி, ஆசிட்டை முறித்து, தண்ணீரைத் திறந்துவிடும் முன் ஒரு வெள்ளைத் தாளில் நேரம், அளவு எல்லாம் எழுதிக்கொண்டு எங்கள் பிரிவுக்கு நடந்து வருவார். போனில் சொன்னால் போதும் என்று ஜி.எம்.மே சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. தாளை என் முன்னால் வைப்பார், நான் கையெழுத்துப் போடுவேன், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார். ஒரு நாள் அவர் கொண்டுவந்த தாளில், 'இன்று கழுவவில்லை, ஆசிட் இல்லை' என்று எழுதியிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். "போடுங்க மேடம்" என்றார். போட்டேன்.